ஒரு வீடு, இரண்டு கிரயம்: இஸ்லாமிய நிதியில் வரி நிபுணராக

சிட்லபாக்கத்தில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடனில் வாங்கினால் ஒரே கிரயப் பத்திரம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக நாலரை லட்சம். வட்டி வேண்டாம் என்பவருக்கு ‘முராபஹா’ என்றொரு வழி உண்டு. நிதி நிறுவனமே வீட்டை வாங்கி, லாபம் சேர்த்து, 70 லட்சத்துக்குத் தவணையில் அவருக்கு விற்கும். இப்போது கிரயம் இரண்டு. முதலாவதற்கு நாலரை லட்சம், அடுத்ததற்கு 6 லட்சத்து 30 ஆயிரம். வீடு ஒன்றுதான், குடிபோகிறவரும் ஒருவர்தான். சார்பதிவாளர் அலுவலகச் செலவு மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இஸ்லாமிய நிதித் துறையில் வரி நிபுணராக விரும்புகிறவர் முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சான்றிதழ்கள் அதற்குப் பிறகுதான்.

அடுத்த பயிற்சி ஜி.எஸ்.டி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம் 10 லட்சத்துக்கு ஜெனரேட்டர் வாங்குகிறது. கடனில் வாங்கி 2 லட்சம் வட்டி கட்டினால், அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதே 2 லட்சம் முராபஹாவில் லாபமாக விலையோடு சேர்ந்தால் 18 சதவீதம் விழும். 36 ஆயிரம் ரூபாய் கூடுதல். தொழிற்சாலையாக இருந்தால் உள்ளீட்டு வரி வரவில் அதை மீட்டுக்கொள்ளும். கல்விக்கு வரிவிலக்கு இருப்பதால் பள்ளியால் அது முடியாது. யாருக்கு வரி கைமாறிப் போகிறது, யார் தலையில் தங்கிவிடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். முராபஹா பிடிபட்ட பிறகு இஜாரா என்னும் வாடகை முறை, முஷாரகா என்னும் கூட்டுரிமை, சுகூக் பத்திரங்கள் ஆகியவற்றையும் இதே போலக் கணக்குப் போட்டுப் பழகலாம்.

பிறகு, வரியில் உறுதியான அடித்தளம் வேண்டும். அதற்கு சி.ஏ. படிப்பே நேர்வழி. புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டுதான். இறுதித் தேர்வில் சர்வதேச வரிவிதிப்பும் இருக்கிறது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் சி.ஏ. நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். தேறியவர்களுக்கு அந்த நிறுவனமே சர்வதேச வரிவிதிப்பில் டிப்ளமோவும் நடத்துகிறது. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

இஸ்லாமிய நிதிக்கான தனிச் சான்றிதழ் அதன் பிறகு. பஹ்ரைனில் உள்ள ‘அயோஃபி’ அமைப்பு கணக்காளர்களுக்கென்றே ஒரு சான்றிதழ் வழங்குகிறது. எது ஹலால் என்று தீர்ப்புச் சொல்வது ஷரீஆ அறிஞர்களின் பொறுப்பு. வரி நிபுணர் சொல்ல வேண்டியது, அந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு வரி என்பதை. ஆகவே எந்த மதத்தினரும் இத்துறைக்கு வரலாம்.

வேலை எங்கே? இந்திய வங்கிகளில் தேடிப் பயனில்லை. 1949-இன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 8-ஆவது பிரிவில், வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. ரகுராம் ராஜன் குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அதைத் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லிவிட்டது. டாடா எதிகல் ஃபண்ட் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகள் உண்டு. அவற்றுக்கு மற்ற பங்கு ஃபண்டுகளின் வரியேதான்.

வெளியே நிலைமை வேறு. இரட்டை முத்திரைத் தீர்வையை பிரிட்டன் 2003-லும் சிங்கப்பூர் 2005-லும் நீக்கின. கொழும்பில் அமானா வங்கி 2011 முதல் இயங்குகிறது. இப்போது கவனிக்க வேண்டிய இடம் ஐக்கிய அரபு அமீரகம். 2023 ஜூன் முதல் அங்கே நிறுவன வரி வந்திருக்கிறது. 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். வரி என்றால் என்னவென்று அதுவரை பெரிதாகக் கவலைப்படாத நிறுவனங்களுக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது.

விண்ணப்பிக்கும்போது அந்தக் குரோம்பேட்டை ஜெனரேட்டர் கணக்கை இரண்டு பத்தியாக எழுதி இணைக்கலாம். ஒரு பத்தியில் இந்திய ஜி.எஸ்.டி.; மற்றதில், முராபஹா லாபத்தை வட்டிக்கு இணையாகவே நடத்தும் அமீரக வாட் விதி.