கல்லூரிக் கட்டணமும் ஜகாத்தும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் மஹல்லாக்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. வசதி படைத்த ஒருவர் வந்து, "இன்னார் மகன் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. அவனுக்கு ஜகாத் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார். ஏழைத் தகப்பனோ ஜகாத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. தயங்கித் தயங்கி வந்து, "பாங்கில் கல்விக் கடன் வாங்கலாமா?" என்று மட்டும் கேட்கிறார்.

வட்டி ஹராம் என்பதில் உம்மத்தில் இரு கருத்து இல்லை. ஆகவே இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறோம். முதல் கேள்விக்கோ, "பார்க்கலாம்" என்கிறோம். பார்த்து முடிப்பதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. பையன் கடைக்கு வேலைக்குப் போகிறான். பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள். அல்லது தகப்பன் மனம் நொந்து அந்த வட்டிக் கடனிலேயே போய் விழுகிறார். வட்டியின் வாசலை அடைக்கச் சொல்லும் நாம், மார்க்கம் திறந்து வைத்திருக்கும் வாசல்களைக் காட்ட வேண்டாமா? அந்த வாசல்கள் எவை, அவற்றில் நுழையும் முறை எது என்பதே இம்மாதப் பாடம்.

முன்னோர் நடந்த வழி

படிப்பவரைச் சமுதாயம் தாங்குவது நம்மிடையே புதிதாக வந்த வழக்கமன்று. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த அஹ்லுஸ் ஸுஃப்பாவினருக்கு வீடில்லை, வியாபாரமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம்மிடம் ஸதகா வந்தால் அதை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்பளிப்பு வந்தால் அவர்களையும் அழைத்துப் பங்கு கொடுப்பார்கள். அந்தத் திண்ணையில் பசியோடு இருந்து படித்தவர்களில் ஒருவரே அபூஹுரைரா (ரலி) அவர்கள். இன்று நாம் ஓதும் ஹதீஸ்களில் எத்தனை அவர்கள் வழியாக வந்தவை என்பதை எண்ணிப் பார்த்தால், அன்று அங்கே போய்ச் சேர்ந்த உணவின் மதிப்பு விளங்கும்.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாத, எழுத்தறிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்பது ஸீரா நூல்களில் உள்ள பிரபலமான செய்தி. கற்பித்தவர்கள் அன்று முஸ்லிம்களாகக்கூட இருக்கவில்லை. கற்ற கல்வி எழுத்தும் வாசிப்பும். பொருள் தேவைப்பட்ட நேரத்திலும் அந்தக் கல்வியை ஈட்டுத்தொகைக்கு நிகராக வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டார் வேலைக்குப் போகச் சொன்னதால் பாடத்துக்கு வருவது தடைப்பட்டது. இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதையறிந்து ஒரு பண முடிப்பைக் கொடுத்தார்கள். அது தீரும் வேளையில், கேட்கும் முன்பே மறுபடியும் கொடுத்து வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்த மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காளியானார். கேட்கும் முன்பே கொடுத்தார்கள் என்ற ஒன்றை மட்டும் நம் ஊர் ஜமாஅத்தார் மனத்தில் இருத்திக் கொண்டால் போதும்.

"அதெல்லாம் மார்க்கக் கல்விக்கு. இன்ஜினீயரிங்குக்கும் நர்ஸிங்குக்கும் பொருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்விப் பகுதியில், உலக வாழ்வுக்கு இன்றியமையாத மருத்துவம், கணிதம் போன்றவற்றை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவரும் அதைக் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். அவ்வாறிருக்க, அதைக் கற்க முன்வரும் ஏழைப் பிள்ளை ஊரார் அனைவரின் கடமையையும் தன் தோளில் சுமக்கிறது என்பதே பொருள்.

அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அல்லாஹ் தஆலா தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனத்தில் குறிப்பிட்டுள்ளான். அவர்களில் மாணவன் என்று ஒரு வகை இல்லை. ஆனால் ஃபகீர், மிஸ்கீன், கடன்பட்டவர் என்ற வகைகளில் மாணவனும் வருவான். ஆகவே அவன் படிக்கிறான் என்பது மட்டும் போதாது. தேவையுடையவனா என்பதையும் பார்க்க வேண்டும்.

1. ஹனஃபி மத்ஹபில், அடிப்படைத் தேவைகள் போக நிஸாப் அளவு பொருள் இல்லாதவருக்கு ஜகாத் கூடும். வெள்ளியின் நிஸாப் ஏறத்தாழ 612 கிராம். பாலிகான மாணவனுக்கு அவனுடைய சொந்தப் பொருளே கணக்கு; தாயின் கழுத்திலுள்ள நகை அவன் கணக்கில் வராது. ஆனால் மகளின் திருமணத்துக்கென்று சில பவுன்களை வாங்கி அவளுக்கே உடைமையாக்கி விட்டிருந்து, அதுவும் கையிருப்பும் சேர்ந்து வெள்ளி நிஸாபின் மதிப்பை எட்டினால், அவளுக்கு ஜகாத் கூடாது.

2. ஷாஃபிஈ மத்ஹபில், தேவைக்குப் போதுமான வருவாய் இருக்கிறதா என்பதே அளவுகோல். தகப்பனார் போதிய அளவு செலவு செய்து காப்பாற்றும் பிள்ளை ஏழையாகக் கருதப்படமாட்டான். உழைக்கச் சக்தியுள்ளவராயினும், சம்பாதிக்கப் போனால் மார்க்கக் கல்வி தடைப்படும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஜகாத் கூடும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். படிப்பில் தேறும் வாய்ப்பு உடையவராக இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். உலகக் கல்வி பயிலும் மாணவர் விஷயத்தில் அந்தந்த ஊர் ஷாஃபிஈ ஆலிம்களிடம் குடும்பத்தின் முழு நிலையையும் எடுத்துரைத்துத் தெளிவு பெறுக.

3. தன் மகனுக்கோ மகளுக்கோ, பேரப்பிள்ளைக்கோ ஜகாத் கொடுத்தால் ஹனஃபி மத்ஹபில் நிறைவேறாது. உடன்பிறந்தவருக்கும், அவருடைய பிள்ளைகளுக்கும், மாமன், சித்தப்பா பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அதில் தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணும் நன்மையும் சேர்ந்து கிடைக்கும். ஊருக்கெல்லாம் ஜகாத் கொடுக்கும் பெரியப்பா, தம்பி மகனின் கட்டணத்தை மறந்துவிடலாகாது.

4. ஹனஃபி மத்ஹபில் தம்லீக், அதாவது ஏழையை அப்பொருளுக்கு உடைமையாளராக்குவது, கட்டாயம். கல்லூரிக் கட்டடம் கட்டவும், பெஞ்சு நாற்காலி வாங்கவும் ஜகாத் பணத்தைக் கொடுத்தால் கடமை நிறைவேறாது. மாணவனுக்குத் தெரியாமல் அவன் கட்டணத்தை நேரே கல்லூரியில் கட்டுவதும் அப்படியே. பணத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். அல்லது "எனக்குரிய தொகையை என் சார்பில் கல்லூரிக்குச் செலுத்த அனுமதிக்கிறேன்" என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு கட்ட வேண்டும். இந்த ஒரு வரியை விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டால் கொடுப்பவர் கடமையும் நிறைவேறும். பணமும் வேறு செலவில் கரையாது.

5. "இது ஜகாத்" என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் நிய்யத் போதும். "படிப்புக்கு எங்கள் அன்பளிப்பு" என்றே கொடுக்கலாம். மேடை போட்டு, பெயர் கூப்பிட்டு, படம் பிடித்துக் கொடுப்பது ஏழையின் மானத்தை விலை பேசுவதாகும்.

6. ஸாதாத்துமார்களுக்கு ஜகாத் கூடாது. முஸ்லிமல்லாத ஏழை மாணவருக்கும் ஜகாத் கொடுக்கலாகாது. ஆனால் இவ்விரு சாராருக்கும் நஃபிலான ஸதகாவும் அன்பளிப்பும் தாராளமாகக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தச் சமயத்தவனாயினும் அண்டை வீட்டான் உரிமை உண்டு.

ரமளானும் ஜூன் மாதமும்

நம்மவர் பெரும்பாலும் ரமளானில் ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்து முடிக்கின்றனர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. 2025-இல் ரமளான் மார்ச் மாதத்தில் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் முன்னே நகர்கிறது. கல்லூரிக் கட்டணமோ மே முதல் ஆகஸ்டு வரையில் கேட்கப்படுகிறது. பிள்ளைக்குப் பணம் தேவைப்படும் நாளில் ஊரில் ஜகாத் பணம் தீர்ந்து போயிருக்கும்.

இதற்காகக் கடமையாகிவிட்ட ஜகாத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாமதிப்பது சரியன்று. வேறு வழி இருக்கிறது. நிஸாபை உடையவர், ஆண்டு நிறைவடையும் முன்பே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுக்கலாம். அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வாறு கொடுக்க அனுமதி கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இது ஆகுமானது. ஷாஃபிஈயில் ஓராண்டுக்கு மட்டும். ஆகவே வரும் ரமளானில் கொடுக்க வேண்டிய ஜகாத்தில் ஒரு பகுதியை இந்த ஜூன் மாதமே ஒரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டு, ரமளானில் கணக்கில் கழித்துக் கொள்ளலாம்.

அரசு தரும் உதவிகள்

ஜகாத்தை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று. அரசின் உதவித்தொகை மக்கள் வரிப்பணம். தகுதியுள்ளவர் அதைப் பெறுவதில் குறைவொன்றும் இல்லை. பொய்யான வருமானச் சான்று காட்டிப் பெறுவது மட்டும் ஹராம். அது இன்னொரு ஏழையின் ஹக்கைப் பறிப்பதாகும்.

தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு தனியாக அமைந்தது. 2010-11 கல்வியாண்டில், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் ரூ.1000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. மத்திய அரசின் தரப்பில், சிறுபான்மையினருக்கான பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை 2007-08-இல் வந்தது. ஆய்வு மாணவருக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆஸாத் உதவித்தொகையோ 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே சென்ற ஆண்டு இருந்தது இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணாமல், ஒவ்வோர் ஆண்டும் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும், சேரும் கல்லூரியின் அலுவலகத்திலும், தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் விவரம் கிடைக்கும்.

நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் பெயர்தான். முஹம்மது என்னும் திருப்பெயரை மார்க் பட்டியலில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பாங்குக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பெயர் பொருந்தாத விண்ணப்பம் நின்றுவிடும். பத்தாம் வகுப்பிலேயே இதைச் சரிசெய்துவிட வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தின் வழியே விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும். மாணவன் பெயரில், ஆதார் இணைந்த கணக்கும் வேண்டும்.

அழகிய கடன்

நிஸாபுக்கு மேலே இருப்பதால் ஜகாத் பெற முடியாமல், முழுக் கட்டணத்தையும் கட்டவும் முடியாமல் தவிக்கும் நடுத்தரக் குடும்பங்கள் பல. வட்டிக் கடனில் சிக்குகிறவர்களில் இவர்களும் உண்டு. இவர்களுக்கு வேண்டியது கர்ளன் ஹஸனா எனும் வட்டியில்லாக் கடன். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பு நாடுகளல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவருக்காக 1983-இல் தொடங்கிய திட்டம் ஒரு நல்ல முன்மாதிரி. மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன்; அவர் வேலைக்குச் சென்றபின் திருப்பிக் கட்டும் பணம் அவருடைய சமுதாயத்தின் அறக்கட்டளைக்குச் சேர்ந்து, அடுத்த மாணவருக்குப் பயன்படும். ஒருமுறை போட்ட பணம் பல தலைமுறைக்குச் சுழலும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஜகாத் பணத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் தம்லீக் நிகழாது. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேறாது. பழைய கடனை "ஜகாத்தில் கழித்துக்கொள்" என்று தள்ளிவிடுவதாலும் நிறைவேறாது. எனவே பைத்துல்மாலில் இரண்டு கணக்குகள் தனித்தனியே இருக்க வேண்டும். ஜகாத் கணக்கிலிருந்து தகுதியுள்ள ஏழைக்குத் திரும்பக் கேட்காமல் கொடுக்க வேண்டும். ஸதகா, நன்கொடை முதலியவற்றால் அமைந்த கணக்கிலிருந்து கடன் கொடுத்து, எழுதி, சாட்சி வைத்து, வசதிப்படும்போது திரும்ப வாங்க வேண்டும்.

ஜமாஅத்தாருக்கு நம் வேண்டுகோள்

ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ஏப்ரல் மாதத்திலேயே பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை, பெண்பிள்ளைகளை விடாமல், எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, படித்த இளைஞர் இருவர் இஷாவுக்குப் பின் வாரம் இருநாள் பள்ளிவாசலில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. மூன்றாவது, அரசு உதவியும் போகக் குறையும் தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கிட்டு, அதை ஜகாத்தாகவோ கடனாகவோ, கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்து முடிக்க வேண்டும். நூறு பேருக்குச் சில்லறையாகப் பகிரும் ஜகாத்தில் ஒரு பங்கைத் திரட்டி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால், சில ஆண்டுகளில் அந்த வீடு ஜகாத் வாங்கும் வீடாக இராமல் ஜகாத் கொடுக்கும் வீடாக மாறலாம்.

வட்டி வேண்டாம் என்று மிம்பரில் சொல்வது நம் கடமை. அந்தச் சொல்லை நம்பி பாங்கு வாசலிலிருந்து திரும்பி வரும் தகப்பனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பாதிருப்பதும் நம் கடமையே. வல்ல நாயன் நம் பொருளைத் தூய்மையாக்கி, அதை உரியவருக்கு உரிய காலத்தில் சேர்க்கும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.