இரண்டு கணினி இருந்தால் இரட்டை வேகமா?

“மிக்ஸ் பண்ணும்போது கரகரன்னு சத்தம் வருது சார். இன்னொரு சிஸ்டம் வாங்கி நெட்வொர்க்ல கோத்துட்டா லோடு பாதியாயிடுமாமே?” வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. கடன் வாங்கிக் கணினியை வாங்கிவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. விவரம் தெரியாமல் இந்த யோசனையைப் பரப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 1: இரண்டு கணினிகளை இணைத்தால் வேகம் இரட்டிப்பாகும்.

உண்மை: ஆகாது. பாட்டு ஓடும்போது நடக்கும் கணக்கு, கெடு வைத்த கணக்கு. நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 128 என்று வைத்திருந்தால் சுமார் 2.7 மில்லிசெகண்டுக்குள் அடுத்த துண்டு ஒலி தயாராக வேண்டும். தவறினால் அந்த இடத்தில் ஒலி அறுபடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான்.

ஒரே டிராக்கில் சிந்தசைசர், ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் என்று அடுக்குகிறீர்கள். முந்தையது முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்த வரிசை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. அதே சிப்பில் மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை என்னும்போது, அடுத்த மேசையில் இருக்கும் கணினி என்ன செய்துவிடும்?

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்விகம் உண்டு. 1990களின் இறுதியில் கிகாசாம்ப்ளர் என்ற சாம்பிள் மென்பொருள் வந்தபோது, ஹாலிவுட் இசையமைப்பாளர்கள் வயலினுக்கு ஒன்று, பித்தளை வாத்தியங்களுக்கு ஒன்று என்று கணினிகளை வரிசையாக வைத்தார்கள். 32 பிட் கணினி 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எட்டிப் பார்க்காது. அவ்வளவையும்கூட ஒரே மென்பொருளுக்குக் கொடுக்காது. ஆகவே அவர்கள் பிரித்தது நினைவகத்தை. இன்று 64 ஜிபி ராம் ஒரே கணினியில் கிடைக்கிறது. 2004இல் லாஜிக் புரோ 7 வேறொரு மேக்குக்குக் கணக்கை அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அதிலும் லாஜிக்கின் சொந்த பிளக்கின்களைத்தான் அனுப்ப முடிந்தது.

பெரிய ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் வைத்து வேலை செய்பவருக்கு, வியன்னா ஆன்சாம்பிள் புரோ மூலம் சாம்பிள்களை இன்னொரு கணினியில் ஏற்றிவைப்பது இன்றும் உதவும். அதற்கும் ஒன்றிரண்டு பஃபர் தாமதம் விலையாகும். அதோடு அப்டேட், டிரைவர், லைசென்ஸ் எல்லாம் இரண்டிரண்டாகும். எது நின்றாலும் வேலை நிற்கும். நிலைத்தன்மையைத் தேடிப் போனவர் அதையே இழக்கிறார்.

முதலில் இருக்கும் கணினியைச் சரிசெய்யுங்கள். பாடும்போது பஃபரைக் குறையுங்கள். மிக்ஸுக்கு 1024க்கு ஏற்றுங்கள். முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் ரிவெர்ப் போடாமல், ஒரே ரிவெர்பை சென்டில் வையுங்கள். விண்டோஸ் என்றால் லேட்டன்சிமான் ஓட்டிப் பாருங்கள். எந்த டிரைவர் இடையில் புகுந்து நேரத்தைத் தின்கிறது என்று அது காட்டும். பலமுறை அது வைஃபை டிரைவராகவே இருக்கும். பவர் பிளானை மாற்றுங்கள். லேப்டாப்பின் விசிறியில் அடைந்த தூசியை எடுங்கள். சூடேறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை 2: ராம் கூட்டினால் கரகரப்பு போய்விடும்.

உண்மை: ராம் நிரம்பி வழிந்தால் மட்டும். பாதி காலியாக இருக்கும்போது மேலும் வாங்குவது வீண்செலவு.

நம்பிக்கை 3: டாஸ்க் மேனேஜர் 40 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் சிபியு மேல் குற்றமில்லை.

உண்மை: அது எல்லா கோர்களின் சராசரி. ஒரு கோர் திணறினாலே ஒலி உடையும். உங்கள் இசை மென்பொருளின் மீட்டரைப் பாருங்கள்.

நம்பிக்கை 4: கணினிகளை வைஃபையில் இணைத்தால் போதும்.

உண்மை: 24 பிட் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 2.3 மெகாபிட்தான் தேவை, வேகம் தாராளமாக இருக்கிறது. ஆனால் வைஃபையில் தரவு சீராக வந்து சேராது. கேபிள் போடுங்கள்.

நம்பிக்கை 5: அப்டேட் வந்தால் உடனே போட்டுவிட வேண்டும்.

உண்மை: படத்தின் பின்னணி இசை பாதியில் நிற்கும்போது கூடவே கூடாது. வேலை முடிந்து, பேக்கப் எடுத்த பிறகு போடுங்கள். கிராக் செய்த பிளக்கின்களை இன்றே நீக்குங்கள். மற்றவர் உழைப்பைத் திருடுவதோடு உங்கள் சிஸ்டத்தையும் அவை கெடுக்கின்றன.

கடைசியாக, நான் விடாமல் சொல்லிவரும் ஒன்று. பதிவுசெய்த ஆடியோ டிராக் சிபியுவுக்குச் சுமையே இல்லை. நாகஸ்வர சாம்பிள் ராமை அடைத்துக்கொள்ளும். அப்படியும் தோடியின் கமகம் அதில் வராது. இரண்டாவது கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு நாகஸ்வரக் கலைஞரை அழைத்து, நல்ல மைக் வைத்துப் பதிவுசெய்யுங்கள். ஊதியத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள்.