புயல் வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து புவனேஸ்வரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் கேட்டாள்: "மாமா, புயல் வருதுன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்பிடலாமா?"

ரயில்வேயில் காலம் கழித்தவனிடம் கேட்டதால் பதில் சுலபம். போக முடியாதம்மா. 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தபோது இந்தத் தடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்கள் முன்கூட்டியே ரத்தாயின. யார்டில் நிற்கும் காலிப் பெட்டிகளையே சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு கட்டிவைக்கும் நேரத்தில் பயணிகள் வண்டியை யார் விடுவார்கள்?

ஆகவே கான்கிரீட் கூரையுள்ள உறுதியான வீட்டில் இருப்பவர்கள் வீட்டிலேயே இருந்து சமாளிக்கப் பழக வேண்டும். கடலோரத்திலோ, தாழ்வான பகுதியிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ இருப்பவர்கள் அரசாங்கம் சொன்னவுடன் வெளியேறிவிட வேண்டும்; அதில் வாதமே கிடையாது. 1999 அக்டோபர் 29 பெரும் புயலில் ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது காற்றல்ல, உள்ளே புகுந்த கடல். ஃபானியின்போது சுமார் 12 லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

வானிலைத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு முன் வரும். ஆரஞ்சு 24 மணி நேரத்துக்கு முன். மஞ்சளில் சாமான் வாங்குங்கள். ஆரஞ்சு வந்தபின் கடைக்கு ஓடாமல் மொட்டை மாடியைக் கவனியுங்கள்.

காற்றின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 150 கிலோ பாரமாக அழுத்தும். சாதாரண வாசற்கதவின் மேல் 300 கிலோ! உள்தாழ்ப்பாள் மட்டும் போதாது. கதவுக்குப் பின்னால் கட்டிலையோ பீரோவையோ நகர்த்தி வையுங்கள். மாடியிலுள்ள பூந்தொட்டி, துணி காயப்போடும் கம்பி, உடைந்த நாற்காலி எல்லாம் கீழே வர வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். நிரம்பிய ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை, நகராது. காலித் தொட்டியை இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்றால் புயல் தூக்காதா?

நடுவில் காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் ஏமாந்து வெளியே போக வேண்டாம். அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். அதுவரை பத்திரமாக இருந்த ஜன்னல்தான் அப்போது அடி வாங்கும்.

காற்று அரை நாளில் போய்விடும். உண்மையான சோதனை அதன் பிறகுதான். ஃபானிக்குப் பின் இந்நகரின் சில பகுதிகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது, வடிகட்டும் இயந்திரம் வேலை செய்யாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நால்வர் குடும்பத்துக்கு ஐந்து நாளுக்கு 80 லிட்டர் தேவை. குடம், தவலை, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வையுங்கள். தொட்டித் தண்ணீரைக் கழிவறைக்கும் குளியலுக்கும் சிக்கனமாகச் செலவிடலாம்.

நம் வீடுகளில் செய்யும் தவறு, எச்சரிக்கை வந்ததும் ஐந்து நாளுக்கு மாவரைத்து ஃபிரிஜ்ஜில் வைப்பது. மே மாத வெக்கையில் மறுநாளே பொங்கிப் புளித்துவிடும். ரவை, அவல், புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். இங்குள்ளவர்கள் 'சூடா' என்று அவலையும் வெல்லத்தையும் எடுத்து வைப்பார்கள், அனுபவப்பட்டவர்கள். நிரம்பிய சிலிண்டர் ஒன்று, சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம் (கார்டும் கைப்பேசிப் பணமும் அப்போது உதவாது), பத்து நாள் மருந்து. இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈர மணலில் வைத்த மண்பானை அதைக் குளுமையாக வைக்கும்.

இனி என் துறைக்கு வருகிறேன். இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் நிம்மதியாக எடுக்கக்கூடியது ஏறத்தாழ 1000 வாட்-மணி. பழைய ஃபேன் ஒன்று 75 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட். ஒரு ஃபேன், இரண்டு பல்பு என்றால் பத்து மணி நேரம்; அதை மூன்று இரவுக்குப் பங்கிட வேண்டும். ஃபானியின் முதல் இரவில் நாங்கள் மூன்று அறையிலும் ஃபேன் ஓடவிட்டோம். விடிவதற்குள் பேட்டரி தீர்ந்தது. இன்ஜினியர் வீட்டிலேயே இப்படி என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகாதீர்கள். மெயின் அணைக்காமல் இருந்தால் அந்த 230 வோல்ட் வீட்டைத் தாண்டித் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். அங்கே அது தலைகீழாக வேலை செய்து 11,000 வோல்ட்டாக மாறி மேல்கம்பியில் ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் அதைத் தொடுவார். மாற்றுச் சுவிட்ச் போட்டால் மட்டுமே வீட்டு வயரிங்கில் இணைக்கலாம். இல்லையேல் ஃபேனையும் விளக்கையும் நேராக ஜெனரேட்டரிலேயே செருகுங்கள். ஜெனரேட்டர் வெட்டவெளியில் இருக்கட்டும். அறைக்குள்ளோ மூடிய பால்கனியிலோ ஓடினால் புகை ஆளைக் கொல்லும்.

மின்சாரம் திரும்ப வரும்போதும் அவசரம் கூடாது. புயலில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வரலாம், டி.வி., ஃபிரிஜ் எல்லாம் கருகிவிடும். பிளக்குகளை உருவிவிட்டு, ஒரு குண்டு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடக் கண்ணைப் பறித்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எல்.இ.டி. பல்பில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. அதற்காகவே எங்கள் வீட்டு அலமாரியில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.