பெயர்ப்பலகையும் தராசும்

நம் நாட்டு நகரங்களில் இப்போது 'இயற்கை', 'கலப்படமற்றது', 'உழவர் நலம்' என்னும் சொற்களைப் பெயர்ப்பலகையில் தாங்கிய கடைகள் பெருகி வருகின்றன. நம் சங்க அங்கத்தினர்களில் சிலர் அத்தகைய கடைகளுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள். பலர் அவற்றில் சரக்கு வாங்குபவர்கள். அறத்தைக் கூறி வியாபாரம் செய்யும் ஒரு ஸ்தாபனம், தான் கூறியவாறு நடக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விடை காண, இத்துறையில் பெரும்பெயர் பெற்ற அமெரிக்க ஸ்தாபனமாகிய ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட்டின் வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். சங்கமொன்றைத் தணிக்கை செய்கையில் துணைவிதிகளையும் கணக்கையும் சரக்கிருப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது போலவே இதனையும் பார்ப்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1978ஆம் ஆண்டில் ஜான் மேக்கி என்னும் இளைஞரும் ரெனே லாசன் என்னும் பெண்மணியும் சிறியதோர் இயற்கை உணவுக் கடையைத் தொடங்கினர். 1980 செப்டம்பரில் அக்கடையும், கிரெய்க் வெல்லர், மார்க் ஸ்கைல்ஸ் ஆகிய இருவரது கடையும் ஒன்றாகி, 19 ஊழியர்களுடன் ஹோல் ஃபுட்ஸ் உதயமாயிற்று. மறு ஆண்டு மே மாதத்தில் ஆஸ்டினில் பெருவெள்ளம் புகுந்து கடையின் சரக்கை அழித்தது. நஷ்டம் ஏறக்குறைய 4 இலட்சம் டாலர், இன்ஷூரன்ஸ் செய்யப்படவில்லை. வாடிக்கையாளரும் அண்டை அயலாரும் தாமாகவே வந்து ஊழியருடன் சேர்ந்து கடையைச் சுத்தம் செய்தனர். 28 நாட்களில் கடை மீண்டும் திறக்கப்பட்டது. நல்ல பெயர் என்பதும் ஒருவகை மூலதனமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1992இல் கம்பெனியின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டில் பிரெட் அண்டு சர்க்கஸ், 1993இல் மிஸஸ் கூச்சஸ், 1996இல் ஃபிரெஷ் ஃபீல்ட்ஸ், 2007இல் வைல்டு ஓட்ஸ் என அதே துறையிலிருந்த பிற ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கப்பட்டன. கடைசியாகக் கூறியதை, போட்டி குன்றும் என்று கூறி மத்திய வர்த்தகக் கமிஷன் எதிர்த்தது. சில கடைகளை விற்றுவிடுவது என்னும் உடன்பாட்டில் 2009இல் அவ்வழக்கு முடிந்தது. 2017இல் அமேஸான் கம்பெனி 1,370 கோடி டாலர் கொடுத்து ஹோல் ஃபுட்ஸை வாங்கியபோது, அதற்கு 460க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன.

சொன்னதைச் செய்த இனங்கள்

குறை கூறுமுன் நிறையை வரவு வைத்தல் தணிக்கையின் முறையாகும்.

1. தலைமை அதிகாரிகளின் ஊதியம், ஊழியரின் சராசரி ஊதியத்தைப் போல் 19 மடங்குக்கு மேற்படலாகாது என்று ஹோல் ஃபுட்ஸ் 2006இல் வரம்பு கட்டிற்று. மேக்கி 2007 முதல் ஆண்டுக்கு ஒரு டாலரே ஊதியமாகப் பெற்றார்.

2. எவர் எவ்வளவு ஊதியம் பெறுகின்றனர் என்பதை ஊழியர் எவரும் பார்க்கலாம் என்றிருந்தது. புதிதாக வந்தவரை நிரந்தரமாக்க, அவரது குழுவினருள் மூன்றில் இருபங்கினர் சம்மதிக்க வேண்டும் என்பதும் விதியாக இருந்தது.

3. 2003இல் கடைகளுக்கே அங்ககச் சான்று பெற்றது. அங்ககப் பண்டம் மற்றப் பண்டத்துடன் கலவாமல் கையாளப்படுகின்றதா என்று வெளியார் வந்து பார்ப்பதற்கு இதன் மூலம் இடமளித்தது.

4. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பிராணிகளின் நிலையை ஐந்து படிகளாக வகுத்துக் காட்டும் முறையை 2011இல் கடைகளில் புகுத்திற்று. படிகளை வகுத்தது வேறொரு ஸ்தாபனம். பண்ணைகளைப் பார்வையிட்டவர்கள் வெளியார்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்குதல் நலம். அமெரிக்காவில் 'அங்கக' என்னும் சொல்லுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. அவை 2002 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. சான்றின்றி அச்சொல்லை இட்டு விற்போர் தண்டிக்கப்படுவர். ஆனால் 'இயற்கை' என்னும் சொல்லுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் முறையான இலக்கணம் வகுக்கவில்லை. ஆகவே ஒரே அலமாரியில் அருகருகே நிற்கும் இரு பொட்டலங்களுள் ஒன்றன் சொல் சட்டத்திற்குக் கட்டுப்பட்டது. மற்றதன் சொல் விற்பவனுடைய மனத்திற்கே கட்டுப்பட்டது. வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

தராசுச் சோதனை

நெல்லையோ கடலையையோ வியாபாரியிடம் அளக்கும்போது, சாக்குக்கென்று எடை கழிப்பதை நம் உழவர் நன்கறிவர். கடைக்காரரும் பாத்திரத்தின் எடையை அவ்வாறே கழித்து விற்க வேண்டும் அல்லவா? காலிபோர்னியாவில் எடை அதிகாரிகள் நடத்திய சோதனையில், ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்ளும் உணவுகளுக்குப் பாத்திர எடை கழிக்கப்படவில்லை என்றும், சில பொட்டலங்களில் குறிப்பிட்ட எடைக்குக் குறைவாகப் பண்டம் இருந்தது என்றும், எடைக்கணக்கில் விற்கவேண்டியவை சில உருப்படிக் கணக்கில் விற்கப்பட்டன என்றும் தெரியவந்தது. 2014 ஜூனில் கம்பெனி ஏறக்குறைய 8 இலட்சம் டாலர் செலுத்தவும், விலைச் சோதனைக்குப் பொறுப்பாளர்களை நியமிக்கவும் இசைந்தது.

மறு ஆண்டு நியூயார்க் நகரத்து நுகர்வோர் இலாகா, பொட்டலமாக விற்கப்படும் 80 வகைப் பண்டங்களை நிறுத்துப் பார்த்தது. எண்பதிலும் பிழையான எடை குறிக்கப்பட்ட பொட்டலங்கள் இருந்தன என்று அறிவித்தது. கம்பெனியின் தலைவர்கள், பிழை நேர்ந்தது உண்மை, அது வேண்டுமென்று செய்யப்பட்டதன்று, வாங்குவோருக்குச் சாதகமாகவும் சில பிழைகள் நேர்ந்தன என்று கூறி மன்னிப்புக் கேட்டனர். 2015 டிசம்பரில் 5 இலட்சம் டாலர் செலுத்தவும், அந்நகரக் கடைகளில் மூன்று மாதத்திற்கொருமுறை எடைச் சோதனை நடத்தவும் உடன்பட்டனர்.

வஞ்சக எண்ணம் இருந்ததா என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. காலிபோர்னியாவில் பிழை கண்டு ஓராண்டுக்குப் பின்னும் நியூயார்க்கில் அதே இனத்துப் பிழை காணப்பட்டது என்பதே நமக்குப் பாடம். அதைக் கண்டுபிடித்ததும் கம்பெனியின் கொள்கை அறிக்கையன்று. எடைக்கல்லுடன் வந்த சர்க்கார் அதிகாரியே.

விளைவிப்போர் நிலை

2014 அக்டோபரில் ஹோல் ஃபுட்ஸ், காய்கனிகளை 'நன்று', 'மேல்நன்று', 'மிகநன்று' என மூவகையாகத் தரம் குறிக்கும் முறையொன்றைத் தொடங்கிற்று. நீர், மண், சக்தி, ஊழியர் நலம் முதலியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு உழவர் விடையெழுதி, அதற்குரிய செலவையும் ஏற்கவேண்டியிருந்தது. இதன் விளைவு விநோதமாயிற்று. கேள்விகளுக்கெல்லாம் விடையளித்த ஒரு பண்ணை, இரசாயன மருந்து தெளித்திருப்பினும் 'மிகநன்று' எனப் பெயர் பெறக்கூடியதாயிருந்தது. அங்ககச் சான்றுக்காக ஏற்கெனவே செலவிட்ட உழவர், இப்புதிய தாள்களை நிரப்பாவிடில் 'தரம் குறிக்கப்படாதவர்' ஆயினர். 2015 ஜூனில் அங்கக உழவர் ஐவர் மேக்கிக்குக் கடிதமெழுதி எதிர்ப்புத் தெரிவித்தபின், கம்பெனி அவர்களுக்குச் சில சலுகைகளை அளித்தது.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், தரத்தை வகுத்தவர் வாங்குபவர். செலவை ஏற்றவர் விற்பவர். வகுக்கும் சபையில் பின்னவருக்கு வாக்கு இல்லை. கொள்முதல் முறையிலும் இவ்வாறே மாற்றம் நேர்ந்தது. முன்பு அந்தந்த வட்டாரத்துக் கடையினர் பக்கத்து உழவரிடம் தாமே பேசி வாங்கினர். அமேஸான் வருமுன்பே இவ்வதிகாரம் ஆஸ்டின் தலைமை அலுவலகத்திற்கு நகரத் தொடங்கிற்று. கடையில் பண்டத்தை அடுக்கிக் காட்டுவதற்கும் சுவை பார்க்கக் கொடுப்பதற்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி, பின்னர்ச் சரக்குக் கொடுப்போர் மீது ஏற்றப்பட்டது. பெரிய ஆலைக்கு இது சிறு சுமை. சிறு விளைவிப்போருக்கு அவ்வாறன்று.

மற்றோர் இனமும் உண்டு. கொலராடோ மாநிலச் சிறைக் கைதிகளின் உழைப்பால் வந்த மீனும் ஆட்டுப்பாற் கட்டியும் இக்கடைகளில் விற்கப்பட்டன. மக்கள் கண்டித்த பின்பு, 2016 ஏப்ரலுக்குள் அவற்றை நிறுத்திவிடுவதாகக் கம்பெனி 2015இல் அறிவித்தது.

ஊழியர் நிலை

வேலை செய்வதற்குச் சிறந்த ஸ்தாபனங்கள் என 'ஃபார்ச்சூன்' பத்திரிகை வெளியிடும் பட்டியலில் 1998 முதல் 20 ஆண்டுகள் ஹோல் ஃபுட்ஸ் இடம் பெற்றது. எனினும் தொழிற்சங்கத்தை மேக்கி தொடக்கமுதலே விரும்பியதில்லை. 2002இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் கடை ஊழியர் சங்கத்திற்கு வாக்களித்தனர். ஒப்பந்தம் ஏதும் ஏற்படாமலே அம்முயற்சி முடிந்தது. அமேஸான் வாங்கியபின் 2018இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலராக உயர்த்தப்பட்டது. இதனை வரவில் வைக்க வேண்டும். 2020 ஜனவரி முதல், வாரத்தில் 30 மணிக்குக் குறைவாக வேலை செய்வோர் ஏறக்குறைய 1,900 பேருக்குக் கம்பெனியின் மருத்துவக் காப்பு நிறுத்தப்பட்டது; இதனைப் பற்றில் எழுத வேண்டும். 2025 ஜனவரியில் பிலடெல்பியா கடை ஊழியர் 130க்கு 100 என்னும் வாக்கு வித்தியாசத்தில் தொழிற்சங்கத்தைத் தேர்ந்தனர். கம்பெனி அத்தேர்தலை ஆட்சேபித்தது.

வாக்கு யாரிடம்?

2017 ஏப்ரலில் ஜானா பார்ட்னர்ஸ் என்னும் முதலீட்டு ஸ்தாபனம், ஹோல் ஃபுட்ஸ் பங்குகளில் ஏறக்குறைய 9 சதவிகிதம் தன்னிடம் இருப்பதாக அறிவித்து, மாற்றம் வேண்டுமென நெருக்கிற்று. ஜூனில் விற்பனை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் உரிமை கைமாறியது. வெள்ளத்தின்போது கடையைச் சுத்தம் செய்தோரின் நல்லெண்ணம் கம்பெனியின் விலைக்குள் அடங்கியிருந்தது. எனினும் அந்நல்லெண்ணத்திற்கு வாக்கு இல்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகளை இவ்விடத்து நினைவு கொள்வோம். நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர், 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்துக் கடை திறந்தனர். கலப்படமற்ற பண்டமும் சரியான எடையும் அவர்களது கொள்கையாக இருந்தன. அக்கொள்கையைக் காக்க அவர்கள் நம்பியது ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியையும், அங்கத்தினர் முன் வைக்கப்படும் கணக்கையுமே. அமெரிக்காவிலும் இவ்வழி மறையவில்லை. நியூயார்க் நகரத்து புரூக்ளினில் 1973இல் தோன்றிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவில் அங்கத்தினரே முறைவைத்து வேலை செய்கின்றனர். விஸ்கான்சினில் 1988இல் உழவர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுறவு, ஆர்கானிக் வேலி என்னும் பெயரில் பாலும் பிறவும் விற்கின்றது.

ஆயினும் கூட்டுறவு என்னும் பெயரே காப்பாகிவிடாது. அந்நாட்டில் மிகப் பெரிய நுகர்வோர் கூட்டுறவாக விளங்கிய பெர்க்லி சங்கம், நஷ்டம் மிகுந்து 1988இல் மூடப்பட்டது. நம் சங்கங்களிலும் கணக்கெழுதாத கூட்டுறவும், பேரவை கூடாத கூட்டுறவும் உண்டென்பதை நாம் அறிவோம்.

முடிவுரை

ஹோல் ஃபுட்ஸ் தன் புகழுக்கு ஏற்ப நடந்ததா எனில், ஒரு பகுதி நடந்தது என்பதே நியாயமான தீர்ப்பு. எண்ணால் வரையறுத்து, வெளியார் சோதிக்க இடம் விட்ட இனங்களில் அதன் சொல் பெரும்பாலும் நின்றது. தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக நின்ற இனங்களில் தவறிற்று. யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்களுக்கு வாக்கில்லாத இனங்களில், உரிமையாளர் மாறியவுடன் சொல்லும் மாறக்கூடியதாயிற்று. கடைக்காரர் நல்லவரா என்று கேட்பதோடு நில்லாது, அவர் தராசைச் சோதிக்கவும் அவரைக் கேள்வி கேட்கவும் யாருக்கு அதிகாரம் உண்டு என்று கேட்பதே நமக்கு உகந்த முறையாகும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்து எடைக்கற்களும் தராசும் கடைசியாக எப்போது முத்திரையிடப்பட்டன? அதற்குரிய சான்றை அங்கத்தினர் பார்த்ததுண்டா?

2. நூல் சிட்டங்களை எடைபோட்டுக் கொடுக்கும்போது கட்டின் எடை கழிக்கப்படுகின்றதா? துணி கொடுக்கும் நெசவாளர் அதைச் சரிபார்க்க முடிகின்றதா?

3. நம் சரக்கை வாங்கும் கடை புதிய தரவிதி கூறினால், அதன் செலவை யார் ஏற்பது என்பதை நாம் ஒன்றுகூடிப் பேசுகின்றோமா, தனித்தனியே இசைந்துவிடுகின்றோமா?

4. சென்ற பேரவையில் எத்தனை அங்கத்தினர் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டனர்?