உப்புத் தண்ணிக்கு எந்த ரீல்?

எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற நமக்குக் கடல் தூண்டில் எதுக்குன்னு கேட்பீங்க. அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்று மீனுக்கு நாம் தீனி போடுவோமே தவிர பிடிக்க மாட்டோம். மற்ற ஓடைகளில் மூங்கில் கம்பு, தங்கூசி, மண்புழு இருந்தால் போதும். ஆனால் எங்க அண்ணன் பாம்பனில் கட்டட வேலை பார்க்கிறான். லீவு நாளில் கரையில் நின்று தூண்டில் போடுவான். அவன் வாங்கின ரீல் மூணே மாசத்தில் இறுகிப் போச்சு. அம்மா மிளகு விற்ற காசில் மூவாயிரம் தருவதாகச் சொல்லியிருக்காங்க. அதுவும் வீணாகக் கூடாதே என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எலுமிச்சம்பழத்தில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் குத்தி மின்கலம் செய்தோமே, ஞாபகம் இருக்கா? அதில் துத்தநாகம் கரையும். ரீலிலும் அதே கதைதான். அலுமினிய உடம்பில் எஃகுத் திருகாணி, நடுவில் உப்புத் தண்ணி. திருகாணியைச் சுற்றி அலுமினியம் பொரிந்து வெள்ளை மாவு பூக்கும். தண்ணி காய்ந்தாலும் உப்பு உள்ளேயே நிற்கும். மழைக்காலத்தில் நம்ம வீட்டு உப்பு ஜாடி கசிகிற மாதிரி, அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து மறுபடி அரிக்கும்.

பாம்பன் ரயில் பாலமே இதற்குச் சாட்சி. 1914-இல் திறந்த பழைய பாலத்தை உப்புக் காற்று விடாமல் அரித்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷ பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அப்படி என்றால் கைப்பிடி அளவு ரீல் எம்மாத்திரம்!

சரி, எதைப் பார்த்து வாங்குவது? கடைக்காரர் முதலில் "பன்னிரண்டு பேரிங்" என்பார். அதில் மயங்காதீங்க. மூடி போட்ட, துருப்பிடிக்காத பேரிங் நாலைந்து இருந்தாலே மேல். உடம்பு கிராஃபைட்டாக இருந்தால் அரிக்காது, ஆனால் பெரிய மீன் இழுத்தால் கொஞ்சம் வளையும். அனோடைஸ் செய்த அலுமினியம் உறுதி, ஆனால் அந்தப் பூச்சு கீறினால் அங்கேதான் அரிப்பு தொடங்கும். மூவாயிரத்துக்குள் என்றால் கிராஃபைட்டே போதும் என்பது என் கருத்து.

கரையில் இருந்து பாறை, கொடுவா பிடிக்க 4000 அல்லது 5000 நம்பர் ரீல் சரி. டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்கிற பிரேக். அதற்குள் தண்ணி போகாமல் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கேட்கணும். 5.2:1 என்று எழுதியிருந்தால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரீல் 5.2 சுற்று சுற்றும் என்று அர்த்தம்.

எதை வாங்கினாலும் அன்னிக்கே நல்ல தண்ணியில் கழுவணும். டிராக்கை இறுக்கிவிட்டு மேலே லேசாக ஊற்றினால் போதும். வாளிக்குள் முக்கக் கூடாது, குழாயை வேகமாகப் பீய்ச்சவும் கூடாது, உப்பு இன்னும் உள்ளே போய்விடும். துடைத்து, நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வைக்கணும். கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். தையல் மிஷின் எண்ணெய் விடலாம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி