கிரீன் டீ: நல்லதைக் கண்டறிவது எப்படி?

நீலகிரியில் ‘பசுந்தேயிலை’ என்றால் விவசாயி பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் இலை. கடையில் ‘கிரீன் டீ’ என்று விற்பது பக்குவம் செய்த தூள். இது தனிச் செடியிலிருந்து வருவதல்ல. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிச் சிறு விவசாயிகள் பறிக்கும் அதே கொழுந்திலிருந்தும் இதைத் தயாரிக்கலாம்.

சாதாரணத் தேயிலைக்கு இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப் படவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள். இலையிலுள்ள நொதி வேலை செய்வதால் நிறம் சிவக்கிறது. கிரீன் டீக்கு, நீராவியிலோ சூடான சட்டியிலோ இலையைச் சூடாக்கி அந்த நொதியை முதலிலேயே அழித்துவிடுகிறார்கள். ஆகவே பச்சை நிறமும், ‘கேட்டசின்’ என்ற துவர்ப்புப் பொருளும் பெருமளவு தங்குகின்றன.

பலன் என்ன?

கேட்டசின் ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைச் சிறிதளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இது மருந்தல்ல. எடையைக் கரைக்கும், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். கண்கூடான லாபம் வேறு. டம்ளருக்கு 10 கிராம் சர்க்கரை போட்டு தினம் மூன்று டம்ளர் டீ குடிப்பவர், சர்க்கரையில்லாத கிரீன் டீக்கு மாறினால், மாதம் 900 கிராம் சர்க்கரை மிச்சம்.

சாப்பாட்டுடன் சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விடவும். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக் குடிப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. இலை பசுமை கலந்த நிறத்தில், சுருண்டு, முழுமையாக இருக்க வேண்டும். பழுப்பும் தூசியும் காம்பும் மிகுந்தால் தரம் குறைவு.

2. புதுப்புல் போன்ற மணம் வர வேண்டும். புகை நாற்றமோ பூஞ்சை நாற்றமோ கூடாது.

3. கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு டம்ளருக்கு 2 கிராம் போட்டு, மூன்று நிமிடத்தில் வடிகட்டவும். சாறு வெளிர் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் நல்லது. சிவந்திருந்தால் இலை பழசு, அல்லது பக்குவத்துக்கு முன்பே கெட்டது. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினால் நல்ல தூளும் கசக்கும்.

4. சக்கையை விரித்துப் பார்க்கவும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரிந்தால் பறிப்பு நன்று.

5. பாக்கெட் செய்த தேதியைப் பார்க்கவும். காற்றுப் புகாத டப்பாவில், மசாலாப் பொருட்களுக்கு எட்ட வைக்கவும்.

தோட்டத்தில் கவனம்

மேலே சொன்ன குறைகளில் பல தோட்டத்திலேயே தொடங்குபவை. பையில் திணித்து வெயிலில் வைத்த இலை சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அதிலிருந்து நல்ல கிரீன் டீ வராது. தளர்வாக நிரப்பி, நிழலில் வைத்து, அன்றே அனுப்பவும். பூச்சிமருந்து தெளித்தால், லேபிளில் கண்ட நாட்கள் கழியாமல் பறிக்கக் கூடாது.

உங்கள் இலையை நீங்களே சோதிக்கலாம். ஒரு கிலோ இளங்கொழுந்தைச் சிறிது சிறிதாகச் சூடான இரும்புச் சட்டியில் போட்டு, பச்சை வாடை போய்த் துவளும் வரை கைவிடாமல் கிளறவும். பாயில் கொட்டிக் கையால் உருட்டவும். பின் இளஞ்சூட்டில், காம்பு ஒடியும் வரை உலர்த்தவும். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் கிடைக்கும். வடித்துக் குடித்தால் உங்கள் பறிப்பின் தரம் தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நயமான கொழுந்து மட்டும் பறித்தால் எடை குறையும், கூலி கூடும். ஆகவே கிரீன் டீ தயாரிக்கும் தொழிற்சாலையில் கூடுதல் விலையை முதலில் பேசி முடித்துக்கொண்டு, பிறகே பறிப்பை மாற்றவும்.