அம்பத்தூர் சைக்கிளும் ஆவடி பாலிடெக்னிக்கும்

நைஜீரியாவின் அலிகோ டாங்கோட்டே சிமென்ட்டில் சம்பாதித்து அள்ளிக் கொடுக்கிறாராமே, நம் பக்கம் அப்படி யாருண்டு?
– வாசகர், செம்பரம்பாக்கம்

அம்பத்தூர் வரை போய்ப் பாருங்கள். பள்ளத்தூர் திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-இல் பர்மாவின் மோல்மேனில் வட்டித்தொழில் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வருமுன்பே மூலதனத்தை ஊருக்குத் திருப்பினார். எத்தனையோ செட்டியார்கள் அங்கே அத்தனையையும் இழந்ததை நினைத்தால் அதன் அருமை புரியும். 1949-இல் குடும்பம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கைகோத்து அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கியது. கூடவே ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக், 1966-இல் அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை. 'ஆலைக்கு ஆள் வேண்டும், அதற்குத்தானே இந்தத் தர்மம்?' என்பீர்கள். இருக்கட்டுமே! ஆலைக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கும் அவை திறந்திருக்கின்றன. தொழிலோடு ஒட்டிய கொடை என்பதால்தான் அது தலைமுறை தாண்டியும் நிற்கிறது என்பது என் கட்சி. தொகையில் டாங்கோட்டே பெரியவர்தான். ஆனால் உங்கள் பையன் டிப்ளமோ படிக்க ஆவடி பஸ் போதும்.